பழங்கத்தி எந்த நாட்டுக் கத்தி? கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் உள்ள கத்தியின் அலகு இருபுறமும் கூராக, அலை அலையாக வளைந்திருக்கிறது. இது சாவகத்தில் (ஜாவாத் தீவில்) செய்யும் கிரிஸ் என்னும் குத்துவாள்தானே?

பதில்: வளைவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நேரான அலகு கொண்ட கிரிஸ்களும் ஏராளமாக உண்டு. தெற்குப் பிலிப்பைன்ஸின் மோரோ மக்களும் அலை வடிவ வாள்களைச் செய்தார்கள். கையில் எடுத்ததும் எடையைக் கவனியுங்கள். மோரோ வாள் வெட்டுவதற்கென்று ஆனதால் அகலமும் கனமும் கொண்டது; சாவகக் கிரிஸோ குத்துவதற்கானது, மெலிந்தது. பிறகு அலகைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். இரும்போடு நிக்கல் கலந்த உலோகத்தை மடித்து அடித்து, ஆர்சனிக்கும் எலுமிச்சைச் சாறும் கொண்டு கறுப்பேற்றுவதால், கருமையின் நடுவே வெள்ளி நிறத்தில் பாமோர் என்னும் வரிகள் தெரியும். சாவகத்தில் அந்தப் பரப்பு சொரசொரப்பாக இருக்கும்; பாலித்தீவில் அதை வழவழப்பாக மெருகிடுவார்கள், அலகும் பெரும்பாலும் நீளமானது.

கேள்வி: தந்தப் பிடி இருந்தால் இந்தியக் கத்தி என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. பிடியும் உறையும் உடைந்தால் மாற்றப்படுபவை. அலகின் அடிப்பகுதியையே முதலில் நம்புங்கள்.

கேள்வி: அலகின் அடியில் வெள்ளியில் இலைக்கொடி வேலைப்பாடு உள்ளது, உறைக்குள் ஓர் எழுத்தாணியும் செருகியிருக்கிறது. எங்கே செய்தது?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இலங்கையின் பிஹா கேத்த என்னும் கத்தி வகையாகவே தோன்றுகிறது. ஓலையில் எழுதும் எழுத்தாணியைக் கத்தியோடு ஒரே உறையில் வைப்பது அங்கே இருந்த வழக்கம். இவற்றில் மிக நேர்த்தியானவை, 1815இல் வீழ்ந்த கண்டி அரசின் பட்டறைகளோடு தொடர்புடையவை. கொடியின் சுருள்களை உருப்பெருக்கியால் பாருங்கள்: பழைய வேலையில் ஒவ்வொரு சுருளும் கையால் வெட்டப்பட்டதால் ஒன்றுபோல் மற்றொன்று இராது.

கேள்வி: ஜப்பானியக் குத்துவாள் ஒன்றின் பிடியைக் கழற்றினேன். உள்ளே இருக்கும் காம்பு முழுவதும் துரு. உப்புத்தாளால் தேய்க்கலாமா?

பதில்: தயவுசெய்து தேய்க்காதீர்கள். கொல்லரின் பெயர் பொறிக்கப்படும் இடம் அந்தக் காம்புதான். அதன் துருவின் நிறத்தையும் அரத்தின் கோடுகளையும் கொண்டே வயதையும் கொல்லர் மரபையும் அறிஞர்கள் மதிப்பிடுகிறார்கள். தேய்த்துவிட்டால் அந்தச் சான்று திரும்ப வராது. பெயர் இல்லாவிட்டாலும் கவலைப்பட வேண்டாம், பெயர் பொறிக்காத நல்ல அலகுகளும் பல உண்டு. காம்பின் இருபுறத்தையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்புங்கள்.