தம்பதியர் ஆலோசகரிடம் போவது வீண் செலவா? அவர் அப்படி என்னதான் செய்வார்?

கேள்வியில் இருக்கும் சூட்டைப் பார்த்தால், உங்கள் வீட்டில் பேச்சு நின்று சில வாரங்களாவது ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் நான்கு மாதம் நின்றது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். என் கணவர் செம்பனைக் குலை (எண்ணெய் எடுக்கும் பனை) ஏற்றும் லாரி ஓட்டுகிறார். தம் அண்ணன் வாங்கிய கடனுக்கு என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டார். அண்ணனால் தவணை கட்ட முடியவில்லை. கடன் எங்கள் தலையில் விழுந்தது. காலையில் பசியாற ரொட்டி வாங்க ஒட்டுக்கடைக்குப் போனபோது, இன்னொருவர் வாயால்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

முதலில் பெரியவர்களைத்தான் கூப்பிட்டோம். மாமா, சித்தப்பா, கோவில் தலைவர் எல்லாரும் வந்தார்கள். இரண்டு மணி நேரம் பேசி, "பொம்பளைப் பிள்ளை நீதான் அனுசரித்துப் போக வேண்டும்" என்று முடித்துவிட்டு எழுந்தார்கள். பெரியவர்களை மதிக்காதவள் என்று யாரும் என்னைச் சொல்ல வேண்டாம். அக்கறையோடுதான் வந்தார்கள். ஆனால் யார் மேல் தப்பு என்பதைத்தான் தேடினார்கள்.

ஈப்போவில் நாங்கள் பார்த்த ஆலோசகர் அதைத் தேடவே இல்லை. "நான் யார் பக்கமும் இல்லை. உங்கள் இருவருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை" என்றார். பிறகு எங்களைத் தனித்தனியாக ஒருமுறை அழைத்துப் பேசினார். என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "அடிப்பாரா? அவரைக் கண்டால் பயமா?" என்பதுதான். அடி உதை இருக்கும் வீட்டுக்காரர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைத்தால், அங்கே சொன்னதற்கு வீட்டில் அடி விழும் என்றார். உங்கள் நிலை அதுவானால் இந்தப் பதிலை விடுங்கள். 15999 என்ற அரசாங்க உதவி எண்ணை அழையுங்கள்.

மூன்றாவது சந்திப்பில் நான் பொரிந்து தள்ளினேன். ஆலோசகர் கைகாட்டி என்னை நிறுத்திவிட்டு, "உங்கள் மனைவி சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்" என்று அவரிடம் கேட்டார்.

"பணம் போய்விட்டது என்கிறாள்."

"அதுவா சொன்னீர்கள்?" என்று ஆலோசகர் என் பக்கம் திரும்பினார்.

"இல்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது என்றேன்."

என் கணவர் அதுவரை லாரிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். செம்பனை முள் குத்திக் குத்திக் கறுத்துப்போன விரல். சாவி நின்றது. "கடையில் கேட்க வேண்டியதாகிவிட்டதே, அதுவா உனக்கு வலிக்கிறது?" என்றார். நான்கு மாதத்தில் என் முகத்தைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி அது.

என் பங்கும் வெளியே வந்தது. "உங்கள் குடும்பமே இப்படித்தான்" என்று எதற்கெடுத்தாலும் சொல்வேன். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் மறைத்தாராம். ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் பல ஆண்டுகள் தம்பதியரைக் கவனித்து, உறவை அரிக்கும் நான்கு பழக்கங்களைச் சொல்லியிருப்பதாக ஆலோசகர் விளக்கினார்: ஆளையே குறைசொல்வது, இளக்காரம் செய்வது, தன்மேல் பழி வராமல் தட்டிவிடுவது, வாயை மூடிக்கொண்டு ஒதுங்குவது. நான்கிலும் இளக்காரம்தான் மோசமானதாம். அது என்னிடம் இருந்தது. ஒதுங்குவது அவரிடம்.

ஒரு சந்திப்பு ஏறக்குறைய ஒரு மணி நேரம். எட்டு முறை போனோம். வீட்டில் தினமும் இருபது நிமிடம் ஒருவர் பேச, மற்றவர் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் தவணை கட்டிய ரசீதை மாதாமாதம் என் கையில் கொடுக்கிறார்.

அந்தக் கடனே எதற்கு? மாமனார் 35 ஆண்டுகள் ரப்பர் மரம் சீவினார். வேலை முடிந்ததும் தோட்டத்தில் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவரைக் குடிவைக்க ஒரு வீடு வாங்கத்தான் அண்ணன் கடன் வாங்கினார். உங்கள் கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான். ஆனாலும் வாழ்நாள் முழுக்க உழைத்தவருக்கு ஒரு கூரைகூட மிஞ்சவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

போகிற எல்லாரும் சேர்ந்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. நல்லபடியாகப் பிரிவதற்கும் ஆலோசகர் துணை நிற்பார். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் துணை வர மறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள், தனியாகவும் பார்க்கிறார்கள்.