அடுத்த கான்ஃபரன்ஸ் மாற்றத்தில் எந்த அணிகளுக்குக் கிராக்கி இருக்கும்?

அமெரிக்க ஃபுட்பால் ஆடும் கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகளே கான்ஃபரன்ஸ்கள். அவற்றில் முன்னணியில் உள்ள பிக் டென்னும் எஸ்.இ.சி.யும் இனியும் விரிவடைந்தால் எந்தக் கல்லூரி ஃபுட்பால் அணிகளைத் தேடிப்போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபுட்பாலில் எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராத நோட்ர டேமை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அதைச் சேர்த்துக்கொள்ள எல்லோரும் தயார். ஆனால் 1991 முதல் தன் சொந்த மைதான ஆட்டங்களை என்.பி.சி. தொலைக்காட்சிக்குத் தனியாகவே விற்றுவரும் அதற்கு யாருடைய தயவும் தேவையில்லை.

என் கணிப்பில் முதலிடம் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கே. ஃபுட்பாலில் அது தன் கான்ஃபரன்ஸான ஏ.சி.சி.யின் பட்டத்தைக் கடைசியாக வென்றது 1980இல் என்பதால் இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் களத்து வெற்றி மட்டுமே இங்கே விலையை நிர்ணயிப்பதில்லை. 2022இல் ஆரிகன் அணியைத் தோற்கடித்து, பத்து ஆட்டங்களில் வென்ற ஆரிகன் ஸ்டேட்டை அடுத்த ஆண்டு எந்தப் பெரிய கான்ஃபரன்ஸும் சீந்தவில்லை. தோற்ற ஆரிகனோ பிக் டென்னுக்குப் போய்விட்டது. வட கரோலினா மாநிலத்தில் பிக் டென்னுக்கும் சரி, எஸ்.இ.சி.க்கும் சரி, இன்றுவரை ஓர் உறுப்பினர்கூட இல்லை. அத்துடன், பிக் டென் தலைவர்கள் பெரிதும் மதிக்கும் ஏ.ஏ.யு. என்ற ஆய்வுப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திலும் அது இடம்பெற்றிருக்கிறது. இவ்விரண்டும் வர்ஜீனியாவுக்கும் பொருந்தும். வட கரோலினாவுக்கு உள்ள ஒரே இடையூறு, வட கரோலினா ஸ்டேட் என்ற இன்னொரு பல்கலைக்கழகமும் அதே மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் கீழ் இருப்பதால், அதைக் கைவிட்டுப் போவது அரசியல் சிக்கலாகிவிடும்.

ஃப்ளோரிடா ஸ்டேட், கிளெம்ஸன் இரண்டும் தலா மூன்று தேசியப் பட்டங்கள் வென்றவை. இருந்தும் அவற்றின் மாநிலங்களில் எஸ்.இ.சி.க்கு ஏற்கெனவே அணிகள் உள்ளன. புதிய மாநிலங்களின் கேபிள் இணைப்புகளை எண்ணி 2014இல் ரட்கர்ஸையும் மேரிலாந்தையும் பிக் டென் சேர்த்துக்கொண்ட காலத்தில் இது பெருங்குறையாக இருந்திருக்கும். கேபிள் தேய்ந்து, ஆட்டத்தை உண்மையில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதே கணக்காகிவிட்ட இன்று அக்குறை சுருங்கிவிட்டது. ஆகவே இவ்விரண்டையும் ஃப்ளோரிடாவிலேயே உள்ள மயாமியையும் அடுத்த வரிசையில் வைப்பேன்.

ஏ.சி.சி.யில் உள்ள இந்த அணிகள் உடனடியாக நகரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2025 மார்ச்சில் எட்டிய சமரசத்தின்படி ஏ.சி.சி.யை விட்டு விலகுவதற்கான தொகை ஆண்டுதோறும் குறைந்து, 2030-31இல் 7.5 கோடி டாலராகிறது. பிக் டென்னின் தொலைக்காட்சி ஒப்பந்தம் முடிவதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான்.