சவரக்கத்திக்கு எந்தத் தோல்வார் வாங்கலாம்?

கேள்வி: என் தாத்தா வைத்திருந்த, ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்யப்பட்ட மடக்குச் சவரக்கத்தி என்னிடம் உள்ளது. கைதேர்ந்த ஒருவர் அதைச் சாணைக்கல்லில் தீட்டிக் கொடுத்தார். முதல் சில சவரங்கள் மிக நன்றாக இருந்தன. பிறகு இணையக் கடையில் ‘அசல் தோல்’ என்று விற்ற, பச்சைப் பசை பூசிய தோல்வார் ஒன்றை வாங்கித் தினமும் அதில் கத்தியைத் தேய்த்தேன். பத்தே நாளில் கத்தி முடியைப் பிடித்து இழுக்கிறது. நல்ல வாரை எப்படிப் பார்த்து வாங்குவது?
– வாசகர், ஈரோடு

பதில்: வார் என்ன வேலை செய்கிறது என்பது தெளிவானால், எதை வாங்குவது என்பதும் தெளிவாகிவிடும். சவரம் செய்யும்போது கத்தியின் மிக மெல்லிய முனை ஆங்காங்கே வளைந்து, ஒழுங்கு கெடுகிறது. பசை பூசாத வெறும் தோல் அந்த முனையை நேராக்கி மெருகேற்றுமே தவிர, எஃகைக் குறிப்பிடும்படி தேய்த்து எடுப்பதில்லை. ஆகவே மழுங்கிய கத்தியை வாரால் மீட்க முடியாது. கூராக உள்ள கத்தியின் கூரைக் காப்பதுதான் அதன் பணி. நன்றாகத் தீட்டிய கத்தி, முறையாக வாரில் இழுக்கப்பட்டால், பல வாரங்களுக்கு மறுபடியும் கல்லைத் தேடாது.

உங்கள் கத்தி பத்து நாளில் கெட்டதற்கு அந்தப் பச்சைப் பசையே முதல் காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன். அது பெரும்பாலும் குரோமியம் ஆக்சைடு. ஏறத்தாழ அரை மைக்ரான் அளவுள்ள தேய்ப்புத் துகள்கள் அதில் உள்ளன. ஒவ்வொரு இழுப்பிலும் அது எஃகைச் சிறிது தேய்க்கிறது. மென்மையான தோலில் தினமும் அப்படித் தேய்த்தால் முனை உருண்டுபோகும். பசையை, கூர் குறையத் தொடங்கும்போது மட்டும், அதற்கென்று தனியாக வைத்த வாரில், பத்துப் பதினைந்து இழுப்புகளுக்குப் பயன்படுத்துவதே முறை. பசை ஏறிய தோல் மீண்டும் வெறும் தோலாவதில்லை என்பதால், தினசரி வாரைப் பசையில்லாமலே வாங்குங்கள்.

தோல் எந்த விலங்குடையது என்பதைவிட அது எவ்வளவு சமமாக இருக்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். வாரைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, நீளவாக்கில் வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். மேடுபள்ளமும் அலையும் தெரிந்தால் வேண்டாம். விலங்கின் முதுகுப் பகுதித் தோல் நெருக்கமான இழைகளுடன் உறுதியாக இருக்கும். வயிற்றுப் பகுதித் தோல் தளர்வானது, சில மாதங்களில் இழுபட்டு நெளிந்துவிடும். அடுத்துப் பார்க்க வேண்டியது பதனிட்ட முறை. பைகளுக்கும் செருப்பின் மேல்பாகத்துக்கும் பயன்படும் குரோம் பதனிட்ட தோல் பொதுவாக மென்மையாகவும் இழுபடும் தன்மையோடும் இருக்கும். மரப்பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்ட தோலே வாருக்குப் பொருந்தும். வெட்டு விளிம்பைப் பார்த்தாலே பெரும்பாலும் வேறுபாடு தெரிந்துவிடும்: தாவரப் பதனீட்டில் குறுக்குவெட்டு முழுவதும் பழுப்பாக இருக்கும், குரோம் பதனீட்டில் நடுவில் நீலமோ சாம்பலோ கலந்திருக்கும். தோல் துணுக்குகளை அரைத்துப் பிசினால் ஒட்டிய பலகையில் நீண்ட இழைகளே தெரியாது. இணையத்தில் வாங்குவதானால் விளிம்பின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

நீங்கள் ஈரோட்டுக்காரர் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிடும் ‘கிழக்கிந்தியத் தோல்’ மரபு உங்கள் ஊரிலும் திண்டுக்கல், திருச்சி வட்டாரங்களிலும் வேரூன்றியது; அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. அவற்றில் பெரும்பகுதி மெல்லிய ஆட்டுத்தோல் என்பதால், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள மாட்டுத்தோலோ எருமைத்தோலோ கிடைக்குமா என்று வணிகர்களிடம் கேட்டு, முதுகுப் பகுதியிலிருந்து ஒரு பட்டையை வெட்டி வாங்கலாம். சென்னையில் பெரியமேட்டுத் தோல் கடைகளிலும் விசாரிக்கலாம்.

கத்தியின் அலகு சுமார் 3 அங்குல நீளம் இருப்பதால், 3 அங்குல அகல வாரில் நேராக இழுக்கலாம். அகலம் குறைந்தால் சாய்வாக இழுக்க வேண்டும். பழைய கத்திகளில் அலகு சற்றே முறுக்கியிருப்பது உண்டு. அப்படியிருந்தால் இரண்டரை அங்குல வாரும் சாய்வான இழுப்புமே நல்லது. கத்தி ஓடும் நீளம் 16 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். பின்பக்கம் லினன் அல்லது தடித்த பருத்திப் பட்டை இணைந்திருந்தால் மிக நல்லது. முதலில் துணியில் இருபது, பிறகு தோலில் நாற்பது, ஐம்பது இழுப்புகள் போதும். வாரை விறைப்பாகப் பிடித்து, கத்தியின் முதுகு முன்செல்ல, அழுத்தாமல் இழுங்கள். திருப்பும்போது முதுகு தோலைவிட்டு எழவே கூடாது.

குதிரையின் பின்புறத் தோலுக்குள் இருக்கும் அடர்ந்த இழைப்படலத்திலிருந்து செய்யும் கார்டோவன் மிக வழவழப்பானது. சிகாகோவின் ஹார்வீன் தோல் ஆலை அதைப் பதனிட ஆறு மாதமாவது எடுத்துக்கொள்கிறது. விலையும் அதற்கேற்ப இருக்கும். அதை இப்போது வாங்காதீர்கள். பழகும் கை முதல் மாதத்தில் வாரை எங்கேனும் கீறியே தீரும். அந்தக் கீறல் எளிய மாட்டுத்தோலில் விழட்டும். முதலில் கத்தியை மீண்டும் கல்லில் தீட்டச் செய்யுங்கள். கெட்ட முனையோடு புதிய வாரைச் சோதித்தால் எதுவும் தெரியாது.

கேள்வி: வாரின் விளிம்பைப் பிரித்துப் பார்த்தபோது, துணிமேல் ஒட்டிய செயற்கைப் பொருள் என்று தெரிந்தது. விற்றவர் பணத்தைத் திருப்பித்தர மறுக்கிறார். என்ன செய்வது?
– அதே வாசகர்

பதில்: விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாதபோது, அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. பிரித்த விளிம்பின் படம், ‘அசல் தோல்’ என்ற விளம்பரப் பக்கத்தின் திரைப்பதிவு, ரசீது ஆகியவற்றுடன் அந்த இணையத்தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்தில் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பயனில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். அதற்கும் மசியாவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: வாருக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா? மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். சமையல் எண்ணெய்கள் தோலில் ஊறிச் சிக்குப்பிடித்து நாறும். ஒவ்வொரு முறையும் உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பதே பெரும்பாலும் போதும். வாரைக் குளியலறையில் தொங்கவிடாமல், காற்றோட்டமுள்ள அறையில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். பூஞ்சையை உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்திய பிறகே கத்தியை அதன்மேல் வைக்க வேண்டும்.