மெக்கானிக் வேலை – கடிதம்

அன்புள்ள ஐயா,

டச்சு இயற்பியலாளர் காமர்லிங் ஓன்னஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 1911-ல் அவர் மீகடத்தலை, அதாவது கடுங்குளிரில் மின்தடை அடியோடு மறைவதை, கண்டது தற்செயல்தானே? நான் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். வால்வைத் திருகுவதும் அளவு குறிப்பதுமாகவே நாள் போகிறது. எல்லாம் மெக்கானிக் வேலை. கோட்பாட்டுப் பக்கம் போய்விடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தற்செயலா இல்லையா என்பதை விடுங்கள். கடுங்குளிரில் உலோகத்தின் மின்தடை என்ன ஆகும் என்று தேடித்தான் அவர் போனார். கோட்பாட்டுப் பக்கமும் தாராளமாகப் போங்கள். ஆனால் 'மெக்கானிக் வேலை' என்று எழுதிவிட்டீர்களே, அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

ஓன்னஸ் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானது 1882-ல். ஹீலியம் வாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கியது 1908-ல். இடைப்பட்ட 26 வருடமும் என்ன செய்தார்? பம்ப், குழாய், கண்ணாடி. கருவி செய்வோருக்கென்று 1901-ல் ஒரு பள்ளியே தொடங்கினார். ஃபிளிம் என்ற மெக்கானிக்கும் கெஸ்ஸல்ரிங் என்ற கண்ணாடி ஊதுபவரும் இல்லாமல் அந்த ஆய்வகம் கிடையாது, தம்பி.

1908 ஜூலை 10. விடியற்காலையிலேயே வேலை தொடங்கிவிட்டது. சாயங்காலம் வெப்பமானி ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஹீலியம் திரவமாகிறது என்பதற்கு அதுதான் அடையாளம், ஆனால் திரவமோ கண்ணில் படவில்லை. எட்டிப் பார்க்க வந்த வேதியியல் பேராசிரியர் ஸ்க்ரைனமேக்கர்ஸ், கீழேயிருந்து வெளிச்சம் காட்டச் சொன்னார். காட்டினால், கண்ணாடிச் சுவரில் கத்தி விளிம்பு மாதிரி ஒரு கோடு! சுமார் 60 மில்லிலிட்டர் திரவ ஹீலியம், 4 கெல்வினுக்குச் சற்று மேலே, அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் அளவில். அந்தக் கண்ணாடியில் மயிரிழை விரிசல் இருந்திருந்தால்?

நான் படித்த கல்லூரியில் ஒரு லேப் அட்டெண்டர் இருந்தார். வெற்றிடம் நிற்காவிட்டால் சிரிஞ்சில் ஸ்பிரிட் எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் சொட்டு விடுவார். கண் அளவுமானியிலேயே இருக்கும். முள் துள்ளிய இடத்தில் கசிவு. என் புராஜெக்ட்டைக் காப்பாற்றியவர் அவர். கடைசி நாள் குரூப் போட்டோவுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. நானும்தான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தை இன்றுவரை சுவரில் மாட்ட மனம் வரவில்லை.

ஓன்னஸும் இதில் சறுக்கியவர்தான். 1911 ஏப்ரல் 8 அன்று பாதரசத்தின் மின்தடை காணாமல் போனதை அளந்தவர் அவருடைய உதவியாளர் கில்லெஸ் ஹோல்ஸ்ட். கட்டுரை வந்தது ஓன்னஸ் பெயரில் மட்டும். 1913-ல் நோபல் பரிசும் அவருக்கு மட்டும். அவர்மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் ஆய்வகத்தில் அந்த வால்வைப் பொருத்தியவர் பெயர் என்ன? கேட்டுத் தெரிந்துகொண்டு அடுத்த கடிதத்தை எழுதுங்கள்.