மூன்று மாடிப் படியும் ஆறாம் மாதமும்

கேள்வி: தில்லி ஆர்.கே. புரத்தில், லிஃப்ட் இல்லாத குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வசிக்கிறோம். முதல் பிரசவம், இப்போது 24 வாரம். படி ஏறவே கூடாது என்கிறார் மாமியார். தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ, குந்தி உட்கார்ந்து வீடு துடைத்தால்தான் சுகப்பிரசவம் என்கிறார். டாக்டர் "நன்றாக நடங்கள்" என்றார். வெளியே நவம்பர் புகை. நான் என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் உங்கள் ஸ்கேன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருக்கிறதா, கர்ப்பப்பை வாய் குறுகிப்போய்த் தையல் போட்டிருக்கிறார்களா, கர்ப்பகால ரத்த அழுத்தம் இருக்கிறதா, இடையில் ரத்தப்போக்கு இருந்ததா, இதயக் கோளாறு உண்டா? இவற்றில் ஒன்று இருந்தாலும் நான் கீழே எழுதுவது உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் டாக்டர் சொல்லும் அளவோடு நில்லுங்கள். ஹீமோகுளோபினையும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 11-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். அதோடு காபி, டீ வேண்டாம். 7-க்கும் கீழே என்றால் உடற்பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் தாராளமாகப் படி ஏறலாம். சிக்கலில்லாத கர்ப்பம் படி ஏறுவதால் கலைவதில்லை. படுத்தே கிடந்தால் குறைப்பிரசவம் தவிரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். மாமியாரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் காலத்தில் டாக்டர்களே படுத்திருக்கச் சொன்னதுண்டு.

நான் பயப்படுவது விழுவதற்கு. வயிறு முன்னே வந்ததும் உடலின் சமநிலை மாறுகிறது, மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்கின்றன, இன்னும் சில வாரங்களில் உங்கள் பாதமே உங்களுக்குத் தெரியாது. அதனால் ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கும்போது கூடுதல் கவனம் தேவை. சிலிண்டரையும் 20 லிட்டர் தண்ணீர் கேனையும் நீங்கள் தொடவே வேண்டாம். உங்கள் ஆர்.கே. புரத்து முருகன் கோயிலான மலை மந்திரின் படிகளுக்கும் இதே விதிதான். ஆனால் தைப்பூசம், பங்குனி உத்திரக் கூட்டத்தில் நெரிபட வேண்டாம். முருகன் மறுநாளும் அங்கேதான் இருப்பார்.

எவ்வளவு நடப்பது? வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடந்தாலே நாளுக்கு அரை மணி ஆகிவிடும். சர்க்கரையும் கட்டுக்குள் நிற்கும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து எடுக்கும் பரிசோதனையை 24 முதல் 28 வாரத்துக்குள் செய்ய வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

வேகத்துக்கு நாடியை எண்ண வேண்டாம். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. சும்மா இருக்கும்போதே இதயம் வேகமாகத் துடிக்கும். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். அம்மாவைக் கூடவே அழைத்துப் போங்கள், பேச்சுக்கு ஆளாயிற்று.

புகையைப் பொறுத்தவரை, அதிகாலை நடை தில்லிக் குளிர்காலத்துக்கு ஆகாது. குளிர்ந்த காற்று தரையோடு படிந்து நுண்துகள்களை அப்படியே பிடித்து வைத்திருக்கும். வெயில் ஏறிய பின்தான் அவை மேலெழுந்து கலைகின்றன. பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு வரை பொதுவாகத் தேவலை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 200-ஐத் தாண்டினால் 'மோசம்' என்று வாரியமே வகைப்படுத்துகிறது. அன்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் அறைக்கும் நடங்கள் என்பேன். வெளியே போயே ஆக வேண்டுமென்றால் என்95 முகக்கவசம் போடுங்கள். துணி கட்டிப் பயனில்லை.

இனி அம்மாவின் யோசனை. வீடு துடைப்பதும் உடலுழைப்புதான். பழக்கமிருந்தால், முட்டி வலிக்காவிட்டால் செய்யலாம். ஆனால் அதனால் சுகப்பிரசவம் உறுதியாகிவிடாது. குழந்தையின் நிலை, எடை, உங்கள் இடுப்பெலும்பு, அந்த நேரத்து வலியின் போக்கு என்று எத்தனையோ இருக்கின்றன. நாளைக்கு சிசேரியன் ஆனால், "நான் சரியாகத் துடைக்கவில்லை" என்று ஒரு தாய் அழக் கூடாது. அப்படி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஈரத்தரையில் வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளை இப்போதே விட்டுவிடுங்கள். கர்ப்பப்பையின் கனம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றல் வரும்.

நடக்கும்போதோ அதன் பின்னரோ ரத்தப்போக்கு, நீர் கசிவு, விட்டுவிட்டு ஒழுங்காக வரும் வலி, மார்வலி, மயக்கம், கடும் தலைவலி, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும், குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். தில்லியில் கேட்ஸ் ஆம்புலன்ஸ் எண் 102. அம்மாவின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள். அவருக்கு இந்தி வராதென்றால், வீட்டு முகவரியையும் "மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை" என்பதையும் இந்தியில் எப்படிச் சொல்வதென்று தமிழ் எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.