வலி மாத்திரையை ஊசியாகப் போட்டுக்கொள்பவர் மீள முடியுமா?

கேள்வி: சென்னை வியாசர்பாடியில் இருக்கிறோம். தம்பிக்கு 22 வயது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறான். பத்து நாள் வீட்டில் பூட்டி வைத்தோம், தெளிந்தான். வெளியே விட்டதும் மறுபடி ஆரம்பித்துவிட்டான். இவன் திருந்துவானா?

திருந்துவான், திருந்தமாட்டான் என்ற பேச்சை முதலில் விடுங்கள். மீள முடியும். ஆனால் வேலை முடிந்தது என்று நீங்கள் நினைத்தீர்களே அந்தப் பதினோராவது நாள், அங்கேதான் உயிர் போகிறது.

வலி மாத்திரை என்று சொல்வது பெரும்பாலும் டாபென்டடால். அபின் வகை வலி நிவாரணி. நிறுத்திய ஒரு நாளுக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு, பேதி, எலும்புக்குள் குடைகிற வலி எல்லாம் வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம். ஏழு, பத்து நாளில் உடம்பு அடங்கிவிடும். தூக்கமும் மனசும் அடங்க மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் பழைய அளவைத் தாங்கும் சக்தி உடம்பில் குறைந்துபோயிருக்கும். கை மட்டும் பழைய கணக்கிலேயே மாத்திரையை எண்ணும். மூச்சு நிற்பது இதனால்தான்.

அப்படி ஆனால் பார்க்கத் தூங்குவது போலவே இருக்கும். கரகரவென்று குறட்டை, விட்டு விட்டு மூச்சு, நீலம் பாய்ந்த உதடு, குண்டூசி முனை அளவுக் கண்மணி. தட்டினாலும் எழமாட்டார். "தூங்கட்டும்" என்று விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், என்ன போட்டான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றக்கூடாது. புரையேறும்.

வீட்டில் பூட்டுவதில் இன்னொரு சிக்கல்: நைட்ரஸிபாம் மாதிரி தூக்க மாத்திரையும் சேர்த்துப் போடுபவராக இருந்தால், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. காலையில் மனநலப் பிரிவு ஓபிக்குக் கூட்டிப் போங்கள். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் போதை மீட்பு சிகிச்சை உண்டு. 14446 இலவச உதவி எண். போகும்போது வீட்டில் கிடைக்கும் காலி மாத்திரை அட்டைகளை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். தம்பி சொல்லும் கணக்கைவிட அது நம்பகமானது.

இந்த வகைக்கு நல்ல மருந்து புப்ரினார்ஃபின். மூளையில் போதை மருந்து உட்கார்ந்திருக்கும் சீட்டிலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் அந்த ஆட்டம் போடாது. அதனால்தான் கடைசி ஊசிக்குப் பிறகு ஏறக்குறைய 12 மணி நேரமாவது கழித்து, நடுக்கமும் கொட்டாவியும் தொடங்கிய பிறகே தருவார்கள். முன்பே கொடுத்தால் தவிப்பு ஒரே நேரத்தில் மொத்தமாக வந்து இறங்கும். "மருந்து ஒத்துக்கலை" என்று ஆள் ஓடிவிடுவார். நாக்குக்கு அடியில் வைத்து ஐந்து, பத்து நிமிடம் கரைய விட வேண்டும். விழுங்கினால் பாதிகூட வேலை செய்யாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ ஓடலாம். போதைக்குப் பதில் போதையா என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவரிடம் இப்படி யாரும் கேட்பதில்லை.

கையையும் பார்க்கச் சொல்லுங்கள். கத்திரி வெயிலில் முழுக்கைச் சட்டை போடுபவர் எதையோ மறைக்கிறார். மாத்திரையில் இருக்கும் டால்க்கும் மாவும் துணியில் வடிகட்டினாலும் போகாது. ரத்தக் குழாயில் அடைத்து, சீழ் கட்டி, சிலருக்கு விரலே கறுத்துவிடும். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை அவசியம். ஹெபடைட்டிஸ் சி பெரும்பாலானோருக்கு 12 வார மாத்திரையில் குணமாகிவிடும்.

தனியார் மறுவாழ்வு மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, மனநல டாக்டர் வருகிறாரா என்று கேளுங்கள். சங்கிலியில் கட்டுவது 2017 மனநலச் சட்டப்படி குற்றம். "ஆறு மாசம் பார்க்க வராதீங்க" என்று சொல்லும் இடத்தில் சேர்க்கவே வேண்டாம்.

சறுக்கல் பெரும்பாலும் கூலி கைக்கு வரும் சனிக்கிழமை சாயங்காலம்தான். முதல் சில மாதம் சம்பளம் அவர் சம்மதத்தோடு அம்மா கணக்குக்குப் போகட்டும். அந்த நேரத்தில் யாராவது கூட இருங்கள். மீறிப் போட்டுவிட்டால் "ஏன்டா" என்று தொடங்காதீர்கள். எப்போ, எத்தனை, கூட வேறு என்ன, இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டு மறுநாளே ஓபிக்குக் கூட்டிப் போங்கள்.