மரவேலை கேள்வி – பதில்: எழுபது டிஸ்க்குக்கு ஒரு அடுக்கு

கேள்வி: அண்ணே, வணக்கம். அமெரிக்காவில் ஏழு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது கானாடுகாத்தானில் எங்கள் அய்யா வீட்டுக்கே திரும்பிவிட்டேன். அங்கே இருந்தபோது டிஸ்க் கால்ஃப் விளையாடுவேன். பந்துக்குப் பதிலாகத் தட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் கூடையில் விழவைக்கிற ஆட்டம் அது. கிட்டத்தட்ட 70 டிஸ்க் சேர்ந்திருக்கிறது. அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக டிரங்குப் பெட்டியில் அடுக்கி மேல்மாடி அறையில் வைத்திருந்தேன். சித்திரை வெயில் முடிந்து திறந்து பார்த்தால், அடியில் இருந்த இரண்டு டிஸ்க் வளைந்து கிடக்கிறது. கடையில் விற்கும் ஸ்டாண்ட் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. வீட்டில் பழைய தேக்குப் பலகைகள் கிடக்கின்றன. நானே ஒரு அடுக்கு செய்துகொள்ள முடியுமா? சுவரில் மாட்டுகிற மாதிரி இருந்தால் நல்லது.

– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தம்பி, தாராளமாகச் செய்யலாம். இந்த வேலையை நான் ஒருமுறை செய்திருக்கிறேன். என் அக்கா மகனும் இதே ஆட்டக்காரன்தான். அவனுக்குச் செய்து கொடுத்ததில் ஒரு தப்பு பண்ணித்தான் சரியான வழியைக் கற்றுக்கொண்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கல்யாண வீட்டுத் தட்டு ஸ்டாண்ட் மாதிரி, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு காடி, அதாவது மரத்தில் வெட்டுகிற பள்ளம், என்று கணக்குப் போட்டு, இரண்டு நாள் உட்கார்ந்து 40 காடி வெட்டினேன். மாட்டிப் பார்த்தால், தூரம் எறிகிற டிரைவர் டிஸ்க் ஆடுகிறது. கூடைக்குப் பக்கத்தில் எறிகிற பட்டர் உள்ளேயே போகவில்லை. டிரைவர் ஐந்து நூல் உயரம் என்றால் பட்டர் ஆறு நூல் வருகிறது (எட்டு நூல் ஓர் அங்குலம்). எவர்சில்வர் தட்டு எல்லாம் ஒரே கனம், இது அப்படி இல்லை. அதனால் காடி வேண்டாம், அறை வையுங்கள். ஓர் அறைக்கு ஏழு டிஸ்க், நெருக்காமல்.

படுக்கையாக மட்டும் இனிமேல் அடுக்காதீர்கள். ஒரு டிஸ்க் 175 கிராம் வரை இருக்கும். முப்பது டிஸ்க் சேர்ந்தால் அடியில் இருப்பதன் தலையில் ஐந்து கிலோ. கூடவே மேல்மாடிச் சூடு. பிளாஸ்டிக் இளகி, பாரம் அழுத்திய பக்கம் சாய்ந்துவிடும். புத்தகம் மாதிரி விளிம்பில் நிற்கவைத்தால் அதனதன் எடையை அதுவே தாங்கும்.

இப்போது அளவு. இந்த ஆட்டத்தின் விதிப்படி டிஸ்க்கின் குறுக்களவு 21 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதாவது எட்டேகால் அங்குலம். பெரும்பாலானவை அதை ஒட்டியே இருக்கும், சில அரை அங்குலம் வரை கூடும். எதற்கும் உங்களிடம் இருப்பதில் பெரியதை அளந்துகொள்ளுங்கள்.

3 அடி உயரம், 9 அங்குல அகலத்தில் இரண்டு பக்கப் பலகை. நடுவில் இரண்டடி நீள ரீப்பர்கள். ரீப்பர் 1½ அங்குல உயரம், 1 அங்குல கனம். தட்டு போடவே வேண்டாம். ஒரு தளத்துக்கு இரண்டு ரீப்பர், அவற்றுக்கு நடுவே நாலரை அங்குல இடைவெளி. வட்டமான டிஸ்க் அந்த இடைவெளியில் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கி உட்கார்ந்துகொள்ளும், உருளாது. பலகைத் தட்டு போட்டால் உருண்டு முன்னால் வந்து விழும், தூசியும் சேரும். ரீப்பரின் உள்பக்க மேல் முனையை மட்டும் இழைப்புளியால் கொஞ்சம் சாய்த்துவிடுங்கள், கூர் முனை டிஸ்க்கில் தடம் போடும்.

ரீப்பரின் மேல்முகம் தரையிலிருந்து 3, 14, 25 அங்குலத்தில் வரட்டும். ஒரு தளத்துக்கும் அடுத்ததுக்கும் 11 அங்குலம் இருந்தால்தான் டிஸ்க்கைத் தூக்கி முன்னால் எடுக்கக் கை போகும். ஒவ்வொரு தளத்திலும் 9 மில்லிமீட்டர் பிளைவுட்டில் மூன்று தடுப்பு. தடுப்பின் கீழ் மூலைகள் இரண்டையும் வெட்டி, நடுவில் நாலரை அங்குல நாக்கு விட்டால் அது ரீப்பர்களுக்கு நடுவே இறங்கி நிற்கும். பசை தடவி ஆளுக்கொரு சின்ன ஆணி போதும். தளத்துக்கு நாலு அறை, மூன்று தளம், மொத்தம் 84 டிஸ்க். பின்பக்கம் ஆடாமல் இருக்க இன்னும் இரண்டு ரீப்பர் குறுக்கே போடுங்கள். ஆக ரீப்பர் 16 அடி. மேலே ஒரு மூடு பலகை.

சுவரில் மாட்டுவதைப் பற்றி: வேண்டாம் தம்பி. உங்கள் வீட்டுச் சுவர் நம் ஊர்ப் பழைய சுண்ணாம்புப் பூச்சாக இருக்கும். கண்ணாடி மாதிரி தேய்த்து ஏற்றிய பூச்சில் டிரில் வைத்தால், ஓட்டை ஓட்டையாக நிற்காது, அப்பளம் மாதிரிப் பெயரும். அதே பூச்சை இன்று பூசித் தருகிற கை கிடைப்பது கஷ்டம். அடுக்கு தரையில் நிற்கட்டும். பக்கப் பலகைகளின் அடியில் 14 அங்குலத்தில் ஒரு கால் கட்டை வைத்துவிட்டால் முன்னால் சாயாது.

பழைய தேக்கைப் பற்றியும் ஒன்று. நம் பக்கத்து வீடுகளில் இறங்கியது பெரும்பாலும் பர்மாத் தேக்கு. நூறு வருஷம் காய்ந்த மரம், இனிமேல் முறுக்காது. இதைவிட நல்ல சரக்கைக் காசு கொடுத்தாலும் புதிதாக வாங்க முடியாது. ஆனால் அறுப்பதற்கு முன் ஒரு காந்தத்தைப் பலகை முழுக்க ஓட்டிப் பாருங்கள். தலை போன ஆணி உள்ளே புதைந்திருக்கும். என் ரம்பத்தில் மூன்று பல் அப்படித்தான் போயிற்று. பலகை போதாவிட்டால், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன, ஒரு நடை போய்ப் பாருங்கள். செதுக்கு வேலை உள்ள கதவையோ நிலையையோ மட்டும் ரீப்பருக்காக அறுத்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ரீப்பர்களுக்கு வார்னிஷ் அடிக்க வேண்டாம். முழுதும் காயாத வார்னிஷில் பிளாஸ்டிக் ஒட்டிக்கொள்ளும். உப்புத்தாள் போட்டு மெழுகு தேய்த்தால் போதும். செய்து முடித்ததும் கீழே இறக்கி இரண்டாம் கட்டு அறையில் வையுங்கள், முற்றத்து வெயில் படாத மூலையில்.

அக்கா மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: சங்கிலிக் கூடையைக் கண்டுபிடித்த எட் ஹெட்ரிக் 2002-இல் இறந்தபோது, அவர் விருப்பப்படி அவருடைய அஸ்தியையும் கலந்து டிஸ்க் வார்த்தார்களாம். அதைக் கேட்ட பிறகு, அவன் ஒவ்வொரு டிஸ்க்கையும் துடைத்துத் துடைத்து வைப்பது எனக்குப் புரிந்தது. நீங்களும் கடல் தாண்டிச் சுமந்து வந்திருக்கிறீர்கள்.

அப்புறம், வளைந்த அந்த இரண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் எடுத்து, சில நிமிஷம் முக்கி வையுங்கள். கொதிநீர் கூடாது. இளகியதும் வளைவுக்கு எதிர்ப்பக்கம் மெதுவாக அழுத்தி, ஆத்தங்குடிக் கல் தரையில் கவிழ்த்து வையுங்கள். கண்ணாடி மேல் வார்த்த கல் என்பதால் அவ்வளவு சமமான, குளிர்ந்த இடம் வீட்டில் வேறு கிடையாது. மேலே கனமில்லாமல் ஒரு பலகை. காலையில் எடுத்துக் கண் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் வளைவு தெரிந்தால் மறுபடி ஒருமுறை செய்யலாம்.